ப்ளூ-ரே ஜெயித்துவிட்டது, பங்கு வாங்கலாமா?

20 பிப்ரவரி 2008

கோவை நண்பர் கேட்டிருப்பது: "உயர்தரப் படத்தட்டில் சோனி தரப்பின் ப்ளூ-ரேக்குப் போட்டியாக இருந்த ஹெச்.டி. டிவிடியைத் தோஷிபா நேற்று மூட்டை கட்டிவிட்டது. இனிமேல் ப்ளூ-ரே மட்டும்தான். விற்கிற ஒவ்வொரு வட்டிலும் சோனிக்கு ஏதாவது வரும். கண்ணை மூடிக்கொண்டு சோனி பங்கை வாங்கிப் போடலாம் என்கிறேன். மறுப்பவர் உண்டா?"

நான் இருக்கிறேன். 1996 ஜூனில் இதே வாதத்தை நம்பி நாலாயிரம் டாலர் போட்டவன். நிறுவனம் வேறு, அவ்வளவுதான். அயோமெகா, கம்ப்யூட்டர் கோப்புகளைக் கழற்றி மாட்டும் வட்டில் எழுதுகிற ஜிப் டிரைவைச் செய்தவர்கள். நான் நியூ ஜெர்சிக்கு எச்-1பி விசாவில் வந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. டாலர் 35 ரூபாய். நாலாயிரம் டாலர் என்றால் ஊரில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அப்பா வீட்டுக்கு மாடி எடுக்கக் கேட்டிருந்த பணம் அது. "அடுத்த வருஷம் டபுளாக அனுப்புகிறேன்" என்று போனில் சொன்னேன். மாடி 2003-ல்தான் எழும்பியது.

நூறு பங்கு, நாற்பது டாலர் வீதம். மீதியை நாளை எழுதுகிறேன்.

21 பிப்ரவரி

"அயோமெகாவா, அது என்ன?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். என் வயது எனக்கே உறைக்கிறது. சரி, கதை.

யூட்டா மாநிலத்தில் ராய் என்றொரு சிற்றூர். 1980-ல் அங்கே தொடங்கிய நிறுவனம். முதலில் பெர்னூலி பாக்ஸ் என்று ஒன்று செய்தார்கள். வளையக்கூடிய வட்டு வேகமாகச் சுழலும்போது காற்று அதை எழுதிப் படிக்கும் தலைக்கு மிக அருகில், ஆனால் உரசாமல் நிறுத்திவைக்கும். அருமையான பொறியியல். விலைதான் அலுவலகங்களுக்கு மட்டுமே கட்டுப்படியானது. 1994-ல் மொத்த விற்பனை 14 கோடி டாலர், அதிலும் சின்ன நட்டம். அந்த வருஷம்தான் கிம் எட்வர்ட்ஸ் தலைமைக்கு வந்தார். 1995 மார்ச்சில் ஜிப் கடைக்கு வந்தது. டிரைவ் 199 டாலர், 100 எம்.பி. வட்டு ஒன்று 20 டாலர். அப்போது எல்லார் சட்டைப்பையிலும் இருந்த ஃபிளாப்பி 1.44 எம்.பி. எழுபது ஃபிளாப்பியில் கொள்வது ஒரே வட்டில்!

1996-ல் விற்பனை 120 கோடி டாலர். இரண்டே வருஷத்தில் எட்டு மடங்குக்கு மேல்.

பங்கும் சும்மா இருக்கவில்லை. 1996 ஜனவரியில் ஒன்றை மூன்றாகப் பிரித்தார்கள், மே மாதம் ஒன்றை இரண்டாக. அப்படிப் பிரித்த பிறகும் அதே மே மாதம் ஐம்பது டாலரைத் தாண்டியது. நான் வாங்கியது அது சறுக்கத் தொடங்கிய பிறகு. விலை இறங்கியிருக்கிறது, இப்போது விட்டால் கிடைக்காது என்று நினைத்தேன். அப்புறம் அது நான் வாங்கிய விலைக்கும் கீழே இறங்கியது.

வாதம் எளிமையானது. டிரைவில் லாபம் கொஞ்சம், வட்டில் லாபம் ஏராளம். ரேசரை மலிவாகக் கொடு, பிளேடில் எடு. மோட்லி ஃபூல் என்று கார்ட்னர் சகோதரர்கள் ஏ.ஓ.எல். இணையச் சேவையில் நடத்திய முதலீட்டுப் பக்கத்துக்கு அயோமெகா செல்லப்பிள்ளை. யூட்டாவில் இருந்த சிலர் வாரக்கடைசியில் ராய் ஆலைக்கே காரை ஓட்டிக்கொண்டு போய், வாசலில் எத்தனை கார் நிற்கிறது என்று எண்ணி வந்து எழுதுவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் கார் நிறைந்து நின்றால் ஆர்டர் குவிகிறது என்று பொருள். நான் எண்ணப் போகவில்லை. அவர்கள் எண்ணியதை வைத்து எக்செல்லில் கணக்குப் போட்டேன், ஆபீஸ் நேரத்தில்.

22 பிப்ரவரி

கார் எண்ணியது கட்டுக்கதை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை ஐயா, அப்போது பத்திரிகைகளிலேயே வந்தது.

இன்னொன்று. எண்ணியவர்களை நான் கிண்டல் செய்வதாக நினைத்துவிட வேண்டாம். அவர்கள் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ஆர்டர் குவிந்தது, 1997-ல் விற்பனை 170 கோடி டாலரைத் தாண்டியது. நான் கொடுத்த விலையில் அந்தக் கார்களெல்லாம் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தன. அதை எக்செல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

24 பிப்ரவரி

எதிராளிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்த நாட்களில் அயோமெகா பங்கு வைத்திருந்த எங்கள் கூட்டத்தின் பேச்சு முழுக்க இதுதான்.

முதல் எதிரி சைக்வெஸ்ட். சீகேட்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான சையத் இஃப்திகார் 1982-ல் ஆரம்பித்தது. பிரஸ், டிசைன் தொழிலில் இருந்தவர்கள் கையில் ஜிப்புக்கு முன்பே சைக்வெஸ்ட் கேட்ரிட்ஜ்தான் இருந்தது. ஜிப்புக்குப் பதிலடியாக 1995-ல் ஈ.இசட்.135 கொண்டுவந்தார்கள். 135 எம்.பி., உள்ளே ஹார்ட் டிஸ்க் போலக் கெட்டித் தட்டு, ஜிப்பைவிட வேகம். எல்லாம் இருந்தும் கையில் காசு நிற்கவில்லை. 1998-ல் ஸ்பார்க் என்று ஒரு ஜி.பி. டிரைவை அதே 199 டாலருக்கு விற்றுப் பார்த்தார்கள். அந்த நவம்பரிலேயே திவால். மறு வருஷம் அவர்கள் காப்புரிமைகளை அயோமெகாவே வாங்கிப் போட்டது. எங்கள் கூட்டத்தில் அன்றைக்குத் தீபாவளி.

இரண்டாவது எதிரி எல்.எஸ்-120. 3எம், காம்பாக், மாட்சுஷிதா என்று பெரிய கைகள். 3எம்மிலிருந்து இமேஷன் பிரிந்ததும் அது அவர்கள் பொறுப்புக்குப் போனது. 120 எம்.பி., லேசர் வழிகாட்ட, காந்தத் தலை எழுதும். இதன் தனிச்சிறப்பு, பழைய ஃபிளாப்பியையும் அதே துளையில் செருகிப் படிக்கலாம். ஜிப்பால் அது முடியாது. கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. ஆனால் வந்தது தாமதமாக. ஜிப் வட்டு நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றை ஒட்டிச் சுற்றும்போது இது 720 சுற்று. ஜிப் முந்திக்கொண்டது.

மூன்றாவது, சோனியின் ஹைஎஃப்டி. 200 எம்.பி. ஆரம்பத்திலேயே தலையில் கோளாறு. அதோடு அந்தக் கதை முடிந்தது. (கோவை நண்பர் கவனிக்க: சோனி.)

ஆக மூன்று எதிரிகள், மூவரையும் ஜிப் வீழ்த்தியது. நான் ஆதரித்த குதிரை ஜெயித்தது. எனக்கு என்ன கிடைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

25 பிப்ரவரி

எல்.எஸ்-120-தான் உயர்ந்த நுட்பம் என்று நேற்றிரவு முழுக்க ஒருவர் எழுதித் தள்ளியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன் சார். தூங்குங்கள்.

26 பிப்ரவரி

"கிளிக் ஆஃப் டெத்" பற்றி ஏன் எழுதவில்லை, பங்குக்காரன் என்பதால் மறைக்கிறாயா என்ற கேள்வி. மறைக்க என்ன இருக்கிறது, கோர்ட்டுக்குப் போன விஷயம். தலை பழுதான ஜிப் டிரைவ் வட்டைப் படிக்க முடியாமல் டக், டக் என்று அடித்துக்கொள்ளும். சில சமயம் தலை வட்டின் ஓரத்தைக் கிழிக்கும். கிழிந்த வட்டை நல்ல டிரைவில் போட்டால் அதுவும் கெடும். மெட்ராஸ் ஐ மாதிரி, பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தார்கள். 1998 செப்டம்பரில் டெலவேரில் எல்லா வாடிக்கையாளர்கள் சார்பிலும் வழக்கு. 2001-ல் சமரசம், வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்தது அடுத்த பொருளில் தள்ளுபடி. அந்த 1998-ல் நிறுவனத்துக்கு ஐந்து கோடி டாலருக்கு மேல் நட்டம். எட்வர்ட்ஸும் அதே வருஷம் போய்விட்டார்.

ஆனால் அயோமெகாவைச் சாய்த்தது இதுதான் என்று நான் நினைக்கவில்லை. அப்படிச் சொல்வது எங்களுக்குச் சௌகரியமாக இருந்தது. தரத்தைச் சரிசெய்தால் பங்கு ஏறும் என்று இன்னும் மூன்று வருஷம் பிடித்துக்கொண்டிருக்கலாம் அல்லவா?

1 மார்ச்

சாய்த்தது எது என்பதை என் மச்சான்தான் காட்டினான். அவனுக்குப் பங்குச்சந்தை தெரியாது.

திருவல்லிக்கேணியில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தான். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக் கைடு, கோயில் மலர். பேஜ்மேக்கரில் பக்கம் கட்டி, ஃபிலிம் எடுக்கிற இடத்துக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். படம் இருந்தால் ஃபிளாப்பியில் அடங்காது. ஹார்ட் டிஸ்க்கையே கழற்றித் துண்டில் சுற்றி ஸ்கூட்டரில் கொண்டுபோன நாட்கள் உண்டு. 1998 டிசம்பரில் ஊருக்குப் போனபோது பெருமையாக ஒரு ஜிப் டிரைவும் ஐந்து வட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கம்பெனிச் சரக்கு என்ற நினைப்பு. நாற்பது டாலர் பங்குதாரன் முதலாளி மாதிரிப் பேசினேன்.

அவன் புரட்டிப் பார்த்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டான்.

"ஃபிலிம் எடுக்கிறவனிடம் இது இருக்கணுமே?"

"அவரும் வாங்கணும்."

"வட்டைக் கொடுத்தால் திரும்பி வருமா?"

இரண்டாவதுக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த முறை நான் போவதற்குள் ஐந்தில் மூன்று வட்டு எங்கெங்கோ போய்விட்டிருந்தது. அவன் மேஜையில் சிடி ரைட்டர் இருந்தது. பாதி எழுதும்போது நின்று, வட்டு வீணாகும் ரகம். "போனால் போகட்டும், இன்னொன்று போடலாம்" என்றான். திரும்பி வர வேண்டாம் என்கிற விலைக்கு பிளாங்க் சிடி வந்துவிட்டது. கஸ்டமரிடம் கொடுத்தால் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே திறக்கும். சிடி படிக்கிற டிரைவ் இல்லாத கம்ப்யூட்டரே அப்போது வரவில்லை.

எங்கள் கூட்டத்தில் சிடி-ஆர் பற்றிப் பேச்சே வராமல் இல்லை. வந்தது. "ஒருதரம் எழுதினால் அழிக்க முடியாது, இதை யார் வாங்குவார்கள்?" என்று சிரித்தோம். நானும் சிரித்தேன். 1999 வாக்கில் அமெரிக்காவில் 650 எம்.பி. சிடி ஒரு டாலருக்கும் கீழே, 100 எம்.பி. ஜிப் வட்டு இன்னும் பத்து டாலரை ஒட்டி. அழிக்க எதற்கு? தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது எடுப்பான்.

அயோமெகாவும் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. 1999-ல் ஜிப்சிடி என்ற பெயரில் சொந்த சிடி ரைட்டரே விற்றது. ஆனால் பிளேடு யாருடையது? தைவானில் செய்வார்கள், நொய்டாவில் செய்வார்கள். ரேசர் மட்டும் விற்கிற கம்பெனிக்கு நான் கொடுத்த விலை பொருந்தாது.

2 மார்ச்

மச்சான் இதைப் படித்துவிட்டான். மூன்று வட்டு இல்லை, நான்காம். மீதி ஒன்று அவனிடம் இன்னும் இருக்கிறது, படிக்க டிரைவ் இல்லை.

3 மார்ச்

சோனிக்கு வருவோம். கோவை நண்பர் பொறுமையாகக் காத்திருக்கிறார்.

போன மாதம் 18-ம் தேதி, தோஷிபா விலகப்போகிறது என்ற செய்தி கசிந்ததும் டோக்கியோவில் எந்தப் பங்கு துள்ளியது தெரியுமா? தோற்ற தோஷிபாவுடையது. ஐந்து சதவீதத்துக்கு மேல். ஜெயித்த சோனி ஏதோ கொஞ்சம் அசைந்தது. நவம்பரில் வால்மார்ட்டில் தோஷிபா பிளேயரை நூறு டாலருக்கும் கீழே தள்ளிவிட்டார்கள். நட்டத்தில் ஓடும் கடையைச் சாத்தினால் கடன்காரனுக்கும் சந்தோஷம்தானே.

அதைவிடச் சுவாரசியமானது, கைவிடுகிறோம் என்று சொன்ன அதே நாளில், சுழலும் வட்டே இல்லாமல் தகவலைச் சேமிக்கும் நேண்ட் ஃபிளாஷ் சிப்புக்கு இரண்டு புதிய ஆலை கட்டப்போவதாகவும் தோஷிபா அறிவித்தது. ஃபிளாஷே தோஷிபாவில் பிறந்ததுதான். மசுவோகா என்ற பொறியாளர் எண்பதுகளில் செய்தது. (அவருக்கு உரிய பங்கைக் கொடுக்காமல், வழக்குப் போட்டு 2006-ல் 8 கோடியே 70 லட்சம் யென்னில் சமரசமானது தனிக்கதை. ஃபிளாஷ் சம்பாதித்ததற்கு அது பாக்கெட் மணி.) வட்டில் தோற்றவன் சிப்புக்குப் போகிறான். வட்டில் ஜெயித்தவன் வட்டோடு நிற்கிறான்.

ஜனவரியில் ஆப்பிள் மேக்புக் ஏர் காட்டியது. அதில் வட்டுத் துளையே இல்லை. 1998-ல் ஐமேக் ஃபிளாப்பி இல்லாமல் வந்தபோது நான் "ஆகா, இனி எல்லாரும் ஜிப் வாங்குவார்கள்" என்று எழுதியவன். அதனால் இந்த முறை எதையும் ஊகிக்க பயமாக இருக்கிறது. இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் போன வருஷமே படத்தைக் கம்பி வழியாக அனுப்ப ஆரம்பித்துவிட்டது. ப்ளூ-ரேயின் எதிரிப் பட்டியலில் ஹெச்.டி. டிவிடி இருந்தது. இவர்கள் பட்டியலில் இல்லை.

4 மார்ச்

"வீடியோ கேசட் போட்டியில் பீட்டாமேக்ஸை வீழ்த்திய வி.ஹெச்.எஸ். கொழிக்கவில்லையா?" கொழித்தது, இருபது வருஷம். அது நியாயமான எதிர்வாதம், நேற்று நான் அதைத் தாண்டிப் போனது தப்பு. வி.ஹெச்.எஸ். செய்த ஜே.வி.சி.யை ஆரம்பத்தில் வாங்கி நடுவில் விற்றவன் புத்திசாலி. இன்றுவரை வைத்திருந்தவனைக் கேளுங்கள். போன ஆகஸ்டில் தாய் நிறுவனமான மாட்சுஷிதாவே அந்தப் பிள்ளையைப் பாதி தத்துக் கொடுத்துவிட்டது.

8 மார்ச்

மூன்று பேர் ஒரே குரலில்: "அப்படியானால் பிளாங்க் சிடி செய்தவன் பங்கை வாங்கியிருக்க வேண்டும். மோசர் பேயர்!"

நொய்டா கம்பெனி, உலகத்திலேயே பெரிய சிடி உற்பத்தியாளர்களில் ஒன்று. சரிதான். போன வருஷம் தமிழ்ப் படத்தையே 28 ரூபாய்க்கு வி.சி.டி., 34 ரூபாய்க்கு டிவிடி என்று விற்க ஆரம்பித்தார்கள், எங்கள் வீட்டில் இருபது கிடக்கிறது. பர்மா பஜார் திருட்டு சிடிக்கே போட்டி. ஆனால் அந்த விலையைப் பார்த்ததும் வாங்குபவனாக எனக்குச் சந்தோஷம், பங்குதாரனாக இருந்திருந்தால் நடுக்கம். ஜிப்பைக் கொன்றது பிளாங்க் சிடியின் மலிவு. அதே மலிவு அதைச் செய்கிறவனையும் தின்னும். நூறு பேர் ஒரே சரக்கைச் செய்யும் தொழில் அது. நிம்மதியாக உரிமக் கட்டணம் வாங்கியது சிடி காப்புரிமை வைத்திருந்த பிலிப்ஸ். மோசர் பேயரே இப்போது சூரிய மின்தகட்டுக்குப் போகிறார்கள் என்றால் அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

பினாங்கிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சித்தப்பா மகள் அங்கே அயோமெகா ஆலையில் டிரைவ் சோதிக்கும் வேலையில் இருந்தாராம். 2002-ல் அந்த ஆலையைச் சிங்கப்பூரின் வெஞ்சர் நிறுவனத்துக்கு விற்றார்கள். அதற்குப் பிறகும் அதே நாற்காலியில் வேறு கம்பெனிப் பொருளைச் சோதித்தாராம். ராய் வாசலில் கார் எண்ணிய காலத்தில் பினாங்கு வாசலில் மோட்டார் சைக்கிளை யாரும் எண்ணவில்லை.

11 மார்ச்

நம்ப மாட்டீர்கள். இந்தப் பழங்கதையை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே செய்தி: தகவல் சேமிப்புக் கருவி செய்யும் இ.எம்.சி. நிறுவனம் அயோமெகாவை விலைக்குக் கேட்கிறது, பங்குக்கு 3.25 டாலர். டிசம்பரில்தான் ஒரு சீன ஹார்ட் டிஸ்க் நிறுவனத்தோடு சேர்வதாக ஒப்பந்தம் போட்டிருந்தார்கள்.

ஆமாம், என்னிடம் இன்னும் இருக்கிறது. விற்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், என் மனைவி கேட்டு முடித்துவிட்டாள். 2001-ல் ஐந்து பங்கை ஒன்றாக்கினார்கள். என் நூறு இருபதானது. 20 பெருக்கல் 3.25, 65 டாலர். நாலாயிரத்துக்கு அறுபத்தைந்து!

12 மார்ச்

திருத்தம். மனைவி பழைய ஸ்டேட்மென்ட்டை எடுத்து முகத்தில் காட்டினாள். 1997 டிசம்பரில் ஒன்று இரண்டானதை மறந்துவிட்டேன். நூறு, இருநூறாகி, நாற்பதானது. ஒரே இரவில் என் சொத்து இருமடங்கு. 1996-ல் அப்பாவிடம் சொன்ன டபுள் இதுதான் போல.

இன்னொரு மறதி: 2003-ல் கையிலிருந்த ரொக்கத்தை எடுத்துப் பங்குக்கு 5 டாலர் கொடுத்தார்கள். எனக்கு 200 டாலர் வந்தது. மாடிக் கட்டுமானத்தில் அது கரைந்துபோனதால் நினைவில் இல்லை.

9 ஏப்ரல்

விலையை ஏற்றி 3.85-க்கு முடித்துவிட்டார்கள். மொத்தம் 21 கோடி டாலர் சொச்சம்.

உச்சத்தில் ஐம்பது டாலருக்கு ஒரே ஒரு பங்கு வாங்கியவர் கணக்கு: ஒன்று இரண்டாகி, இரண்டு 0.4 ஆகி, 2003-ல் இரண்டு டாலர், இப்போது ஒன்றரை டாலர். ஐம்பது கொடுத்து மூன்றரை. 1994 நட்ட காலத்தில் ஒரே ஒரு பங்கு வாங்கி எதுவும் செய்யாமல் இருந்தவருக்கு அது ஆறாகி, பன்னிரண்டாகி, 2.4 ஆகியிருக்கும். அவருக்கு இருபத்தோரு டாலர். பதினாலு வருஷத்தில் இடையில் எத்தனை தரம் விற்றிருக்கலாம் என்று நினைத்து அவரும் என்னைப் போலத்தான் தூங்காமல் இருப்பார்.

இதில் சோனிக்கு என்ன என்று கேட்கிறார் கோவை நண்பர். உங்கள் குதிரை ஜெயித்துவிட்டது என்பதை நான் மறுக்கவே இல்லை நண்பரே. பந்தயம் முடிந்த பிறகு டிக்கெட் வாங்குகிறீர்கள், அதுவும் எல்லாரும் தியேட்டருக்குக் கிளம்புகிற நேரத்தில். சோனி வட்டு மட்டும் விற்கும் கம்பெனி இல்லை, அதனால் அயோமெகா மாதிரி ஆகாது என்ற உங்கள் பதில் சரி. அதே காரணத்தால் ப்ளூ-ரேக்காக அதை வாங்குவதிலும் அர்த்தமில்லை.

14 ஜூன்

பணம் வந்துவிட்டது. 154 டாலர். ஊருக்கு அனுப்பினேன், ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் சொச்சம். அப்பாவிடம் போனில், "மாடிக்காக நீங்கள் கேட்ட பணம், கடைசித் தவணை" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மூடி காற்றில் பறந்துபோய்விட்டது, அதற்குச் சரியாக இருக்கும் என்றார்.

கோவை நண்பர் அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மூலம் முப்பது சோனி பங்கு வாங்கிவிட்டாராம். விலை கேட்டேன், சொல்ல மாட்டேன் என்கிறார்.